மலை ஊர்களில் ஏன் ஒரு பெரிய சினிமா மாளிகை எழவில்லை?

குன்னூர்_சிம்ஸ்:

ரொம்ப நாளா மண்டையைக் குடையற கேள்வி. மதுரையில தங்கம் தியேட்டர் இருந்துச்சு. 2,563 பேர் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரிசுன்னு பேரு. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோட திறந்தாங்க. பம்பாயில 1933ல ரீகல், 1938ல மெட்ரோ. சென்னை மவுண்ட் ரோட்டுல 1964ல சஃபையர். இதையெல்லாம் தியேட்டர்னு சொல்றதை விட மாளிகைன்னு சொல்லலாம். வாசப்படி ஏறும்போதே நம்மளப் பெரிய மனுஷனா நினைக்க வைக்கிற கட்டடங்கள்.

இப்ப நம்ம மலைக்கு வாங்க. ஊட்டி சென்னை மாகாணத்துக்கே கோடைத் தலைநகர். கவர்னர் மாளிகை, குதிரைப் பந்தயம், கிளப்பு, ஏரி, பொட்டானிக்கல் கார்டன்னு வெள்ளைக்காரன் எதையும் விட்டு வைக்கல. சினிமாவுக்கு மட்டும் அசெம்பிளி ரூம்ஸோட நிறுத்திட்டான். அதுவும் சின்னது. காசு இருந்த ஊரு, காசைச் செலவழிக்கவே வந்த கூட்டம். அப்புறம் ஏன்? கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் ஆளுங்களும் வந்து சொல்லுங்க.

ஹட்டிப்பையன்:

அந்தக் கூட்டம் சினிமா பார்க்கவா மலை ஏறுச்சு? டான்ஸ் ஆட ஏறுச்சு :)

லவ்டேல்காரி:

தம்பி சிரிப்பாகச் சொன்னாலும் பாதி விடை அதில் இருக்கிறது. அசெம்பிளி ரூம்ஸ் என்பது சினிமாவுக்காகப் பிறந்த வகைக் கட்டடமே இல்லை. இங்கிலாந்தில் பாத் போன்ற ஓய்வு நகரங்களில் மேட்டுக்குடியினர் கூடி ஆடவும், சீட்டாடவும், கச்சேரி கேட்கவும் கட்டிய பொதுக்கூடத்துக்கு அந்தப் பெயர். அதே வழக்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள். சினிமா பிறகு வந்து அந்தக் கூடத்தில் குடியேறியது. நான் பள்ளியில் படித்த காலத்தில் ஆங்கிலப் படம் என்றால் அங்கேதான். தமிழ்ப் படத்துக்கு வேறு கொட்டகை.

சினிமாவுக்கென்றே மாளிகை கட்டியவர்கள் வேறு ஒரு கணக்குப் போட்டவர்கள். அவர்கள் விற்றதில் படம் ஒரு பகுதிதான். இன்னொரு சரக்கும் இருந்தது. அதை ஊட்டியில் விற்கவே முடியாது. இரவு விரிவாக எழுதுகிறேன், விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது.

குன்னூர்_சிம்ஸ்:

டீச்சர், இப்படி இடைவேளை விட்டா எப்படி!

கார்பன்குச்சி:

வணக்கம். மலையில ஒரு தியேட்டர்ல ரொம்ப வருஷம் ஆபரேட்டரா இருந்தவன். தியேட்டர் பேர் வேண்டாம், முதலாளி குடும்பம் இன்னும் ஊர்லதான் இருக்காங்க.

டீச்சரம்மா வர்றதுக்குள்ள முதலாளி பக்கத்துக் கணக்கைச் சொல்லிடறேன். நம்ம ஊர்ல சீசன் ஏப்ரல், மே. அப்புறம் தசரா, தீபாவளியை ஒட்டிக் கொஞ்சம். மிச்ச மாசம் எல்லாம் உள்ளூர் ஜனம்தான். எஸ்டேட் ஆளுங்களுக்குச் சம்பளம் வர்ற வாரம் கொட்டகை நிரம்பும், அடுத்த வாரம் பெஞ்சு தூங்கும். ஜூன், ஜூலையில ஊட்டியில மழையும் காத்தும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர்ல மழை. ராத்திரி ரெண்டாம் ஆட்டத்துக்கு எந்தச் சனம் கம்பளியைப் போத்திக்கிட்டு மலைச்சரிவுல இறங்கி வரும்? கடைசி பஸ் போனா அவ்வளவுதான். அதனால மலையில ரெண்டாம் ஆட்டம் பேருக்குத்தான். மதுரையில ரெண்டாம் ஆட்டம் விட்டு வெளிய வந்தா ரோட்டோரத்துல இட்லி ஆவி பறக்கும். அந்த வித்தியாசம்தான் 2,563 சீட்டு.

பட்லகுண்டு_பஸ்:

அண்ணே சொல்றது கொடைக்கானலுக்கும் அச்சு அசலாப் பொருந்தும். உங்களுக்காவது 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் ரயில் ஏறுச்சு. எங்களுக்குக் கொடை ரோடு ஸ்டேஷன்லயே ரயில் நின்னு போச்சு. மலை ரோடு போட்டதே 1914 வாக்குலதான். அதுக்கு முன்னாடி டோலியும் மட்டக்குதிரையும். கொடைக்கானலை வளர்த்தது அமெரிக்க மிஷனரிங்க, 1901லயே பள்ளிக்கூடம் வெச்சாங்க. அவங்க கூடினா பாட்டும் ஜெபமும். ஆக எங்க மலைக்கு டான்ஸ் கூட்டமும் கம்மி.

சின்ன வயசுல படப்பெட்டி மலை ஏறறது பஸ்ஸு கூரை மேலதான். வெள்ளிக்கிழமை போஸ்டர் ஒட்டியாச்சு, பெட்டி வரல. டம்டம் பாறைக்கிட்ட மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நிக்குதுன்னு சேதி வரும். கொட்டகை வாசல்ல ஜனம் காத்துக் கிடக்கும். பெரிய படம் பார்க்கணும்னா மதுரைக்கு இறங்குவோம். எங்கப்பா என்னையத் தங்கத்துக்குக் கூட்டிட்டுப் போனது நல்லா ஞாபகம் இருக்கு. படம் ஞாபகம் இல்லை. அந்தப் பால்கனியில இருந்து கீழ பார்த்தா தலை தலையாத் தெரிஞ்சது மட்டும்தான் ஞாபகம்.

லவ்டேல்காரி:

வந்துவிட்டேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் முதலில் சினிமா ஓடியது கடைகளை மாற்றியமைத்த கூடங்களில். கட்டணம் ஒரு நிக்கல் நாணயம், அதாவது ஐந்து சென்ட். கூலிக்காரர்களும் புதிதாக வந்திறங்கிய குடியேறிகளும் போகும் இடம். நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் அங்கே போவது கௌரவக் குறைச்சல். 1910களில் முதலாளிகள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். படத்தை மாற்ற முடியாவிட்டாலும் கட்டடத்தை மாற்றலாம். பளிங்குப் படிக்கட்டு, சரவிளக்கு, சீருடை அணிந்த பணியாள், இசைக்குழு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். நியூயார்க்கில் 1914இல் ஸ்ட்ராண்ட் திறந்தது. 1927 மார்ச்சில் ராக்ஸி. அதில் 5,920 இருக்கை, 110 பேர் கொண்ட இசைக்குழு. ‘சினிமாவின் பேராலயம்’ என்றே விளம்பரம் செய்தார்கள்.

ஜான் எபர்சன் என்ற கட்டடக் கலைஞர் இன்னொரு படி போனார். ஹூஸ்டனில் 1923இல் அவர் கட்டிய மெஜஸ்டிக் அரங்கில் கூரைக்கு நீல வண்ணம் பூசி, சின்னச் சின்ன விளக்குகளை நட்சத்திரமாகப் பதித்து, ஒரு கருவியால் மேகம் நகர்வதுபோல ஒளியை ஓட்டினார். சுற்றிலும் இத்தாலியத் தோட்டம் மாதிரி சுவர். திறந்தவெளியில் நிலாக்காலத்தில் உட்கார்ந்திருக்கும் மயக்கம். இந்த வகைக்கு அலங்காரச் செலவும் குறைவு, மேலே தங்க முலாம் பூசத் தேவையில்லை பாருங்கள். கலைக்குள் எப்போதும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார்.

இப்போது அந்த இன்னொரு சரக்கு. சிகாகோவில் பார்னி பாலபன் என்று ஒருவர். குளிர்பதனக் கிடங்கு நடத்திய ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். இறைச்சியையும் முட்டையையும் கெடாமல் வைக்கும் அதே இயந்திரத்தை மனிதர்களுக்கும் வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவரும் அவர் சகோதரர்களும் சாம் காட்ஸும் சேர்ந்து 1917இல் சென்ட்ரல் பார்க் தியேட்டரைத் திறந்தார்கள், குளிரூட்டும் வசதியோடு. அதுவரை கோடைக்காலம் என்றால் தியேட்டருக்குச் செத்த காலம், பல கொட்டகைகளை மூடியே விடுவார்கள். குளிர் வந்ததும் தலைகீழ். 1925இல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் கேரியர் கம்பெனியின் குளிரூட்டும் இயந்திரம் வந்தது. கோடைதான் வசூல் காலம் என்றானது. போஸ்டரில் படத்தின் பெயருக்குச் சமமாக, உள்ளே குளிர்ச்சி என்று பனிக்கட்டி தொங்கும் எழுத்தில் போடுவார்கள்.

பம்பாய் ரீகலும் குளிரூட்டப்பட்ட அரங்காகத்தான் பிறந்தது. நம் சென்னையில் ‘ஏசி’ என்ற இரண்டெழுத்துக்காகவே மே மாதத்தில் மேட்னி ஷோவுக்குப் போனவர்கள் எத்தனை பேர்! ஆக, சமவெளியில் சினிமா மாளிகை விற்றது மூன்று மணி நேர ஊட்டியை. மலை ஏற முடியாதவனுக்கு ஐந்து ரூபாயில் மலை. இங்கே வீட்டு வாசலைத் திறந்தாலே அது சும்மா கிடைக்கிறது, அதை எவன் காசு கொடுத்து வாங்குவான்?

குன்னூர்_சிம்ஸ்:

இது நான் யோசிக்கவே இல்லாத கோணம். ஊட்டிக்கே தியேட்டர்தான் போட்டின்னு சொல்றீங்க.

ஹட்டிப்பையன்:

எங்களுக்குத் தேவை ஏசி இல்லீங்க, கணப்பு. ராத்திரிக் கடைசி ஆட்டத்துல சீட்டுக்கு அடியில தணல் சட்டி வெச்சிருந்தா நான் சீசன் டிக்கெட்டே வாங்கியிருப்பேன்.

கார்பன்குச்சி:

தம்பி, பிலிம் பக்கத்துல தணல் சட்டியா? எங்க பொழப்பு போயிருக்கும். அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

வெரைட்டிஹால்_ரோடு:

கோயமுத்தூர்ல இருந்து எழுதறேனுங்க. டீச்சர் சொன்னது சரிதான், ஆனா குளிரை மட்டும் வெச்சு முழுக் கதையையும் முடிச்சுட முடியாது. கரண்ட்டைப் பத்தி யாரும் பேசலையே?

எங்க ரோட்டுக்குப் பேரே ஒரு தியேட்டரால வந்ததுங்க. சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில ரயில்வேயில வேலை பார்த்தவர். 1905ல டுபான்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து புரொஜெக்டரும் சில படங்களும் வாங்கி, வேலையை விட்டுட்டு, ஊர் ஊராக் கூடாரம் போட்டுக் காட்டினார். ஏசுநாதர் படம்தான் அவருக்குப் பெரிய வசூல். 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார். பின்னாடி அது டிலைட் ஆச்சு. அந்தக் காலத்துல தியேட்டர்காரரே எஞ்சின் வெச்சுக் கரண்ட் எடுத்துக்கணும். அவர் அந்தக் கரண்ட்டை வீணடிக்காம அச்சகமும் மில்லும் ஓட்டினவர். தென்னிந்தியாவோட முதல் நிரந்தரத் தியேட்டர் எங்க ஊர்லதான்னு நாங்க மார் தட்டிக்குவோம்.

அப்புறம் 1932ல உங்க மலையில பைக்காரா மின்நிலையம் வந்துச்சு. அந்தக் கரண்ட் எங்க போச்சு? நேரா இறங்கி எங்க ஊருக்கு. பஞ்சாலை மேல பஞ்சாலையா முளைச்சது அதாலதான். ஆலைத் தொழிலாளி வந்தான், கையில வாரக்கூலி இருந்துச்சு, தியேட்டர் மேல தியேட்டர் வந்துச்சு. சென்ட்ரல் ஸ்டூடியோ, பக்ஷிராஜா ஸ்டூடியோன்னு படம் எடுக்கற இடமே வந்துருச்சு. மலைத்தண்ணி, மலைக் கரண்ட். மாளிகை மட்டும் கீழ.

ஹட்டிப்பையன்:

எங்க ஹட்டிக்கு, அதான் எங்க படகர் கிராமத்துக்கு, அந்தக் கரண்ட் வர்றதுக்குள்ள எங்க தாத்தாவுக்கு முடி நரைச்சுப் போச்சுன்னு பாட்டி சொல்லும்.

மவுண்ட்ரோடு_ரிட்டர்ன்:

வெரைட்டிஹால் அண்ணாச்சிக்கு ஒரு சின்ன ஆட்சேபம். சென்னையில 1913லயே வார்விக் மேஜர்னு ஒருத்தர் எலக்ட்ரிக் தியேட்டர் திறந்தாச்சு. கட்டடம் இன்னமும் இருக்கு, அண்ணா சாலைத் தபால் நிலையத்தோட வளாகத்துல, தபால்தலை விக்கிற இடமா. ஆக ஒரு வருஷம் நாங்க முந்தி.

வெரைட்டிஹால்_ரோடு:

அது வெள்ளைக்காரர் கட்டினதுங்க. நான் சொல்றது நம்மாளு கட்டினதை. அதோட உங்க எலக்ட்ரிக் தியேட்டர் ரெண்டு வருஷத்துல தபால்காரங்க கைக்குப் போயிருச்சு. எங்களுது பல பத்து வருஷம் ஓடுச்சு.

மவுண்ட்ரோடு_ரிட்டர்ன்:

நம்மாளுன்னா ரகுபதி வெங்கையா கட்டின கெயிட்டியும் அதே காலம்தான். சரி விடுங்க, இந்தச் சண்டை சாமானியத்துல ஓயாது.

லவ்டேல்காரி:

இருவரும் சரி. யார் முதல் என்பதை விட யார் நிலைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வகையில் வின்சென்ட்டுக்கு என் ஓட்டு. கூடாரத்தில் ஜனங்களின் ருசியைத் தெரிந்துகொண்ட பிறகே அவர் சுவர் எழுப்பினார்.

கூடலூர்_மழை:

கூடாரம்னு சொன்னதும் வந்தேன். எங்க ஊர்ல டூரிங் கொட்டகை போடுறதே ஒரு சூதாட்டம். தென்மேற்குப் பருவமழை எங்க மேலதான் மொத்தமா விழும். ஜூன்ல இருந்து கீத்தும் நிக்காது, கூடாரத் துணியும் நிக்காது. தகரக் கூரை போட்டா மழைச் சத்தத்துல வசனம் கேக்காது. வில்லன் சவால் விடுறான், கூரை மேல பதில் தடதடன்னு வருது. தரை டிக்கெட்டு வாங்கினவன் காலுக்கடியில தண்ணி ஓடும், அட்டைப்பூச்சி ஏறும். இடைவேளையில முறுக்கு வாங்குறதுக்கு முன்னாடி அட்டைக்கு உப்பு வாங்கணும். மலையாளப் படம், தமிழ்ப் படம், கன்னடப் படம்னு மூணும் ஓடும், மூணு மாநிலமும் ஒண்ணா சேர்ற இடம் இல்லையா. அந்த விஷயத்துல எந்த மாளிகையும் எங்க கொட்டகைக்கு ஈடாகாது.

இன்னொண்ணு, டூரிங் கொட்டகை லைசென்ஸ் கொஞ்ச காலத்துக்குத்தான். ஒரே இடத்துல நிரந்தரமா இருக்க விடமாட்டாங்க. பிரிச்சு வேற இடத்துல போடணும். சமவெளியில பக்கத்துக் கிராமம் ரெண்டு மைல். இங்க அடுத்த ஊரு ஒரு மலைக்கு அந்தப் பக்கம்.

கார்பன்குச்சி:

இப்ப அந்தத் தணல் விஷயத்துக்கு வர்றேன்.

1950களோட தொடக்கம் வரைக்கும் உலகம் பூரா படம் ஓடினது நைட்ரேட் பிலிம்ல. செல்லுலோசை நைட்ரிக் அமிலத்துல பக்குவப்படுத்தின சரக்கு. பத்திக்கிட்டா தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெச்சிருக்கும். அதனாலதான் பழைய தியேட்டர் ஆபரேட்டர் ரூம் தனிக் கட்டடம் மாதிரி இருக்கும்: கெட்டிச் சுவர், இரும்புக் கதவு, ஜனம் இருக்கற பக்கம் பார்த்த சின்ன ஓட்டைக்குத் தகர மூடி. தீப்பிடிச்சா மூடி தானா விழணும்.

நம்ம அருவங்காடு கார்டைட் ஃபாக்டரி தெரியுமில்ல? நூறு வருஷத்துக்கும் மேல வெடிமருந்து தயாரிக்கற இடம். கார்டைட்டுல கலக்கற கன்காட்டனும் செல்லுலோஸ் நைட்ரேட்தான், வீரியம் கூடின வகை. அதாவது துப்பாக்கிக்குள்ள போறதும் புரொஜெக்டருக்குள்ள ஓடினதும் ஒரே குடும்பம். குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு ரயில்ல போறப்ப அந்த ஃபாக்டரியைத் தாண்டறப்பல்லாம் எங்க குரு இதைச் சொல்லிச் சிரிப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தப்ப லேசுல தீப்பிடிக்காத சேஃப்டி பிலிம்தான். ஆனா வெளிச்சம் கார்பன் குச்சியில. ரெண்டு குச்சி, செம்பு பூசினது, நுனிக்கு நுனி இடைவெளி விட்டு வெச்சா நடுவுல வில்லு மாதிரி தீ நிக்கும். குச்சி கரையக் கரைய நகர்த்திக்கிட்டே இருக்கணும். கவனம் தப்பினா திரை மஞ்சளாகும், கீழ இருந்து விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம். ரெண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினாலு ரீல் கிட்ட வரும். ரெண்டு புரொஜெக்டர் இருந்தா ஒண்ணு முடியறப்ப உடனே அடுத்தது. திரை மூலையில கண் சிமிட்டற நேரத்துக்கு ஒரு புள்ளி வரும், அதுதான் எங்களுக்குச் சிக்னல். ஒரே புரொஜெக்டர் வெச்ச கொட்டகையில ரீலுக்கு ரீல் இடைவேளை. ஜனம் அதுக்கும் பழகிக்கிச்சு, பீடிக்கு நேரம் கிடைக்குதே.

மலையில ஒரு சௌகரியம் சொல்றேன், யாரும் நம்பமாட்டீங்க. சமவெளி ஆபரேட்டர் ரூம்ல லுங்கியும் பனியனுமா வேர்த்து ஊத்தி நிப்பான். நான் அந்தக் குச்சி எரியற லாம்ப்ஹவுஸ் பெட்டி பக்கத்துல குளிர் காய்ஞ்சேன். கொட்டகையிலயே சூடான இடம் எங்க ரூம்தான். முதலாளியே டீயைத் தூக்கிக்கிட்டு மேல வந்துருவார்.

இந்துநகர்_மகன்:

ஐயா, பிலிம்னு பேச்சு வந்ததால சொல்றேன். மலையில மாளிகை இல்லைன்னு வருத்தப்படறீங்க, பிலிமே இங்கதான தயாராச்சு! அப்பா ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல வேலை பார்த்தார். 1960ல மத்திய அரசு நிறுவனமா ஆரம்பிச்சாங்க, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோட, 1967ல உற்பத்தி தொடங்குச்சு. பிலிம் மேல வெள்ளி உப்புக் குழம்பைப் பூசறப்ப ஒரு தூசி விழுந்தாலும் திரையில அது பாறாங்கல்லாத் தெரியும். தூசி இல்லாத காத்து, குளிர், நல்ல தண்ணி, இதுக்காகத்தான் இந்த மலை. இருட்டு அறையிலதான் வேலை. அப்பா சொல்லுவார், பகல் ஷிப்டுன்னு ஒண்ணு எங்களுக்குக் கிடையாதுன்னு.

‘இந்து’ங்கற பேர்ல கறுப்பு வெள்ளை சினிமா பிலிம், போட்டோ பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் போச்சு. கஷ்டம் என்னன்னா, ஆலை நல்லா நிமிர்றப்ப சினிமா கலருக்குத் தாவிடுச்சு. கலர் பிலிம் வெளிநாட்டுச் சரக்கு. அப்புறம் எக்ஸ்ரே கொஞ்ச காலம் தாங்குச்சு. டிஜிட்டல் வந்ததும் அதுவும் போச்சு. இப்ப இந்து நகர்ல போனா காடு மண்டின கட்டடங்கள்.

லவ்டேல்காரி:

இந்துநகர் தம்பி, இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். சினிமாவின் பொருள்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன: மின்சாரம், பிலிம், காதல் பாட்டில் சுற்றிவர மரமும் மூடுபனியும். மலைக்குத் திரும்பி வந்தது ஒரு படப்பெட்டி, அதுவும் சமவெளியில் ஓடித் தேய்ந்த பிறகு.

குன்னூர்_சிம்ஸ்:

தேய்ஞ்ச பிரிண்ட்! ஆமா. கோடு கோடா மழை பெய்யும் திரையில. வெளியிலயும் மழை. சரி, பல ஊர்ல தியேட்டர் வெச்சு நடத்தற செயின் கம்பெனி விஷயத்துக்கு வரலாமா? பெரிய செயின் ஒண்ணு இங்க ஒரு கிளை போட்டிருந்தா நமக்கும் புதுப் படம், நல்ல கட்டடம் வந்திருக்குமேங்கிறதுதான் என் வாதம்.

மவுண்ட்ரோடு_ரிட்டர்ன்:

செயின் வந்திருந்தா நல்லதுன்னு சொல்றீங்க. செயின் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க.

இந்தியாவோட முதல் பெரிய செயின் கல்கத்தாவுல ஜே.எஃப். மதன். பார்சி நாடகத்துல இருந்து வந்தவர். 1907ல எல்பின்ஸ்டன் பிக்சர் பேலஸ். போகப்போக இந்தியா, பர்மா, இலங்கை வரைக்கும் நூத்துக்கு மேல தியேட்டர் கைக்குள்ள இருந்துச்சு. படம் எடுக்கறதும் இவங்க, வெளிநாட்டுப் படம் இறக்கறதும் இவங்க, காட்டறதும் இவங்க. 1927ல அரசாங்கம் சினிமாவைப் பத்தி ஒரு கமிட்டி போட்டுச்சு, மதன் ஏகபோகம்ங்கிற புகாரையும் அது விசாரிச்சுது. தலைவர் யாருன்னா நம்ம சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். ஆபத்தான ஏகபோகம் இல்லைன்னுதான் கமிட்டி சொல்லுச்சு. ஆனா பேசும்படம் வந்ததும், எல்லாத் தியேட்டருக்கும் சவுண்டு மிஷின் மாட்டற செலவுல, உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துக்கிட்டு, 1930கள்ல அந்தச் சாம்ராஜ்யம் சரிஞ்சுபோச்சு.

அமெரிக்காவுல அஞ்சு பெரிய கம்பெனி: பாரமவுண்ட், எம்ஜிஎம்மோட தாய்க் கம்பெனி லோஸ், வார்னர், ஃபாக்ஸ், ஆர்கேஓ. படமும் அவங்களது, பெரிய ஊர்களோட நல்ல தியேட்டரும் அவங்களது. சின்ன ஊர்த் தியேட்டர்காரன் ஒரு நல்ல படம் கேட்டா, கூடவே நாலு மட்டமான படத்தையும் கட்டிக் கொடுப்பாங்க. 1948 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை வெட்டி விட்டுச்சு, தியேட்டரைத் தனியாப் பிரி, கட்டிக் கொடுக்கற வித்தையை நிறுத்துன்னு. அப்ப பாரமவுண்டுக்குத் தலைவர் யார் தெரியுமா? டீச்சர் சொன்ன அதே குளிர்ப்பெட்டி பார்னி பாலபன், 1936ல இருந்து.

ஆக, குன்னூர்ல செயின் கிளை வந்திருந்தா? கணக்குப்படி நமக்கு வந்திருக்கக் கூடியது அந்த நாலு மட்டமான படம்தான்.

வெரைட்டிஹால்_ரோடு:

அதுக்காகச் செயினே கூடாதுன்னு சொல்ல முடியாதுங்க. இங்கிலாந்துல ஆஸ்கர் டாய்ச் ஆரம்பிச்ச ஓடியன் செயினைப் பாருங்க. 1930ல பர்மிங்காம் பக்கம் ஒண்ணு, 1941ல அவர் சாகறப்ப 250க்கு மேல. பெருநகரம் மட்டும் இல்லை, கடற்கரை ஊரு, ஓய்வெடுக்கப் போற ஊருன்னு எல்லா இடத்துலயும் கட்டினார். சீசன் ஊருல தியேட்டர் ஓடாதுங்கிற கார்பன்குச்சி அண்ணன் கணக்கு அங்க பலிக்கலையே?

கார்பன்குச்சி:

அவங்க கடற்கரைக்கு ரயில் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. நம்ம மலை ரயில் ஏறிட்டு வர்றதுக்குள்ள படமே முடிஞ்சுடும்.

லவ்டேல்காரி:

கார்பன்குச்சி ஐயா சொன்னதோடு இன்னொன்று. பிரிட்டனில் 1946இல் ஓராண்டில் விற்ற டிக்கெட் சுமார் 164 கோடி. நாட்டின் மக்கள்தொகை அப்போது ஐந்து கோடி அளவில். குழந்தை, கிழவர் எல்லாரையும் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு முப்பது தடவைக்கு மேல். அப்படிப் போகும் ஜனம் இருந்தால் எந்த ஊரிலும் மாளிகை கட்டலாம். 1984இல் அதே எண்ணிக்கை 5.4 கோடியாக விழுந்தது. கட்டடம் அங்கேயே நின்றது, ஜனம் வீட்டில் டிவி முன்னால். லண்டன் டூட்டிங்கில் 1931இல் கட்டிய கிரானடா, உள்ளே கோதிக் தேவாலயம் போலவே இருக்கும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் முதல் தரப் பட்டியலில் இருக்கிறது. படம் நின்று, பிங்கோ சூதாட்டக் கூடமாகிவிட்டது. அதனால்தான் இடிபடாமல் தப்பியது என்றும் சொல்லலாம்.

ராக்ஸிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1960இல் இடித்தார்கள். அது திறந்தபோது ஓடிய முதல் படத்தின் நாயகி குளோரியா ஸ்வான்சன். இடிபாட்டின் நடுவே அவரையே நிற்க வைத்து ஒரு புகைப்படம் எடுத்தார்கள். தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

பட்லகுண்டு_பஸ்:

தங்கத்தையும் இடிச்சாச்சு டீச்சர். அங்க இப்ப ஜவுளிக்கடை. அதைக் கொன்னது டிவி மட்டும் இல்லைன்னு நான் சொல்லுவேன். 2,563 சீட்டை நிரப்புற மாதிரி படம் வருஷத்துக்கு எத்தனை வரும்? ஒரு படத்தை ஒரே தியேட்டர்ல நூறு நாள் ஓட்டின காலம் போயி, நூறு தியேட்டர்ல ஒரு வாரம் ஓட்டுற காலம் வந்துருச்சு. அப்ப பெரிய கொட்டகை இருக்கறதே பாரம். அந்த இடத்தோட விலையைப் பார்த்தா எந்த முதலாளிக்கும் கை அரிக்கும்.

மவுண்ட்ரோடு_ரிட்டர்ன்:

அதே கதைதான் சஃபையருக்கும். சஃபையர், எமரால்ட், ப்ளூ டைமண்ட்னு ஒரே வளாகத்துல மூணு. ப்ளூ டைமண்ட்ல எப்ப வேணா நுழைஞ்சு எப்ப வேணா எழுந்து போகலாம், படம் சுத்திக்கிட்டே இருக்கும். வெயிலுக்கு ஒதுங்கின காதல் ஜோடிகளுக்கும் வேலை தேடி அலைஞ்சவங்களுக்கும் அது சத்திரம். மல்டிபிளக்ஸ்னு டெல்லியில 1997ல வந்ததைக் கொண்டாடறாங்க, சென்னைக்காரன் முப்பது வருஷம் முன்னாடியே மூணு திரை பார்த்தவன்.

இப்ப செயின்னா பிவிஆர் ஐநாக்ஸ்தான். 2018ல சென்னை சத்யம் தியேட்டர் குழுமத்தை பிவிஆர் வாங்குச்சு, 2023ல ஐநாக்ஸோட ஒண்ணாச்சு. மதன் காலத்துல புகார் பண்ணினவங்க இன்னிக்கு இருந்தா என்ன சொல்லுவாங்களோ.

ஹட்டிப்பையன்:

பாப்கார்ன் விலையைப் பத்திதான் புகார் பண்ணுவாங்க.

லவ்டேல்காரி:

அதில் ஒரு வேடிக்கை தெரியுமா? மாளிகைக் காலத்தில் பாப்கார்னை உள்ளே விட மாட்டார்கள். கம்பளம் கெடும், மரியாதை கெடும், மௌனப் படத்தில் கொறிக்கும் சத்தம் கேட்கும் என்று. வாசலில் தள்ளுவண்டிக்காரன் விற்றான். 1930களின் பஞ்சத்தில் தியேட்டர்கள் நொடித்தபோதுதான் முதலாளிகள் அந்த வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அதுதான் அவர்களைப் பிழைக்க வைக்கிறது.

குன்னூர்_சிம்ஸ்:

நம்ம ஊர்ல வர்க்கியும் டீயும் போதும். சரி, இனிமேலாவது ஒரு பெரிய தியேட்டர் மலைக்கு வருமா?

கூடலூர்_மழை:

எப்படி வரும்? மலைப்பகுதிக் கட்டட விதிகள் 1993ல வந்தாச்சு. உயரக் கட்டுப்பாடு, சரிவுல கட்டக் கட்டுப்பாடு. மண்சரிவைப் பார்த்தவன் யாரும் அதைத் தளர்த்தச் சொல்லமாட்டான், நானும் சொல்லமாட்டேன். அஞ்சு திரை மல்டிபிளக்ஸ் வர்ற இடத்துல பத்து வீடு தாங்குற மண்ணு இருக்கான்னு முதல்ல பார்க்கணும். இருக்கற பழைய சின்னக் கொட்டகையைக் காப்பாத்தினா போதும்.

இந்துநகர்_மகன்:

கார்பன்குச்சி ஐயாகிட்ட ஒரு உதவி. அப்பா வீட்டுப் பரண்ல ஒரு தகரப் பெட்டி, உள்ள மூணு ரீல் 35 எம்எம் பிலிம் இருக்கு. நீங்க நைட்ரேட் பத்திச் சொன்னதுல இருந்து அம்மா தூங்கவே மாட்டேங்கிறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கார்பன்குச்சி:

பதறாதீங்க. முதல்ல நெருப்பு, சிகரெட், பல்பு எதையும் பக்கத்துல கொண்டு போகாதீங்க. கொளுத்திப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு யாராவது சொன்னா அவனை வீட்டுக்குள்ள விடாதீங்க. பகல் வெளிச்சத்துல பெட்டியைத் திறந்து பிலிம் விளிம்பைப் பாருங்க, ஓட்டைகளை ஒட்டி. சேஃப்டின்னு ஆங்கிலத்துல அச்சடிச்சிருக்கும், இல்லைன்னா நைட்ரேட்னு இருக்கும். எதுவுமே இல்லைன்னா நைட்ரேட்னே நினைச்சு நடந்துக்கங்க. பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுன்னு ஒட்டினாலோ, மூக்கை எரிக்கற நெடி அடிச்சாலோ கை வைக்காம மூடிடுங்க.

இந்துநகர்_மகன்:

பார்த்துட்டேன் ஐயா. மூணுலயும் சேஃப்டின்னு இருக்கு. ஆனா ஒரு ரீல்ல ஊறுகாய்க் காடி மாதிரி புளிச்ச வாசம்.

கார்பன்குச்சி:

அப்ப அம்மாவைத் தூங்கச் சொல்லுங்க, தீப்பயம் இல்லை. புளிச்ச வாசம் அசிடேட் பிலிம், அதாவது அந்த சேஃப்டி பிலிம், கெட்டுப்போக ஆரம்பிச்சதுக்கு அடையாளம். அந்த ரீலை மத்த ரெண்டோட ஒண்ணா வைக்காதீங்க, ஒண்ணோட ஆவி இன்னொண்ணையும் கெடுக்கும். காத்துப் போற, ஈரம் இல்லாத இடம். பரண் வேண்டாம், மழைக்காலத்துல ஓதம் பிடிக்கும். புரொஜெக்டர்ல மாட்டி ஓட்டிப் பார்க்கணும்னு ஆசைப்படாதீங்க, சுருங்கியிருந்தா ஓட்டை கிழிஞ்சுடும். புனேயில தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கு, 1964ல இருந்து இந்த வேலைதான். பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்து அவங்களுக்கு எழுதுங்க. பெட்டி மூடியில ஏதாவது படப் பேரு, சென்சார் நம்பர் இருக்கா?

இந்துநகர்_மகன்:

பேப்பர் ஒட்டியிருக்கு, பாதி கரையான் தின்னுடுச்சு. ‘ரீல் 9’னு மட்டும் படிக்க முடியுது. நாளைக்கு வெளிச்சத்துல போட்டோ எடுத்துப் போடறேன்.

மவுண்ட்ரோடு_ரிட்டர்ன்:

போடுங்க தம்பி. முதல் சில அடியில நடிகர் முகம் தெரிஞ்சா பூதக்கண்ணாடி வழியா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, படம் எதுன்னு சொல்ல இங்க ஆளு இருக்கு.